பாப்பாவுக்கு காலேஜ் பாத்த கதையும் சித்தியோட சீட்டு நோட்டும்

2025 மே மாசம் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மூணாவது நாள், ஞாயித்துக்கெழம காலைல சித்தி ஃபோன் பண்ணி "நீ உடனே கெளம்பி வா, இவரு அட்வான்ஸ் கட்டிட்டு வந்துருவாரு போல கீது"ன்னு சொன்னப்போ, நான் ஏதோ வண்டி வாங்கத்தான் அட்வான்ஸ்னு நெனச்சேன். தண்டையார்பேட்டைல அவங்க வீட்டுக்கு போய் பாத்தா ஹால் முழுக்க பளபளன்னு ப்ரோஷர், நடுவுல சித்தப்பா கண்ணாடி போட்டுகினு உக்காந்திருக்காரு, பாப்பா ஒரு மூலைல மொறச்சுகினு இருக்கா, அடுப்புல நெத்திலி வறுபடுது.

பாப்பான்னா எங்க சித்தி பொண்ணு. ஆறாவதுலருந்து மாநகராட்சி பள்ளிக்கூடம், காமர்ஸ் குரூப், 600க்கு 541. அக்கவுண்டன்சில 98. "எனக்கு ஃபைனான்ஸ்ல தான் போவணும்"னு பத்தாவதுலருந்தே சொல்லிகினு இருந்தா, ஃபைனான்ஸ்னா என்னன்னு கேட்டா ஷேர் மார்க்கெட்னு சொல்லுவா, நானும் அந்த வயசுல அதையேதான் சொன்னேன், அதனால சிரிக்கல.

சித்தப்பாவுக்கு சொந்த ட்ரெய்லர், ரெண்டாம் கை வண்டி, ஹார்பருக்கு கன்டெய்னர் ஓட்டுறாரு. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல லைன்ல நிக்கும்போது கூட நின்ன டிரைவர் ஒருத்தரு தன் பையன ஜிஎஸ்டி ரோட்டாண்ட ஒரு பெரிய ப்ரைவேட் யுனிவர்சிட்டில பி.காம் சேத்துட்டாராம், ஏதோ ஃபின்டெக்னு பேரு, "ஹண்ட்ரட் பர்சென்ட் ப்ளேஸ்மென்ட்டாம்மா, பஸ்ஸே ஏசி"ன்னு சொன்னாரு. ட்யூஷன் ஃபீஸ், பஸ், எக்ஸாம் ஃபீஸ், லேப்டாப், யூனிஃபார்ம் எல்லாம் கூட்டுனா வருஷத்துக்கு ரெண்டரை லட்சம். மூணு வருஷத்துக்கு ஏழரை. "பேங்க்ல ஏழரை வரைக்கும் வீட்டு பத்திரம் கேக்க மாட்டாங்களாமே"ன்னு அவரே விசாரிச்சும் வெச்சிருந்தாரு. அது உண்மைதான், படிப்பு லோன் ஏழரை லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் இல்லாம குடுக்கலாம். ஆனா அடமானம் கேக்கலங்கறது வேற, திருப்பி கேக்க மாட்டாங்கங்கறது வேற.

நான் ஃபோன்ல கால்குலேட்டர் எடுத்தேன். வருஷம் ரெண்டரை லட்சம், வட்டி பத்து பர்சென்ட்னு வெச்சுக்குவோம். படிக்கிறப்போவும் முடிச்சு ஒரு வருஷமும் கட்ட வேணாம், ஆனா வட்டி தூங்காது. முதல் வருஷம் வாங்குன ரெண்டரைக்கு நாலு வருஷ வட்டி ஒரு லட்சம், ரெண்டாவது வருஷத்துதுக்கு 75 ஆயிரம், மூணாவதுக்கு 50 ஆயிரம். வட்டி மட்டும் ரெண்டே கால். ஆக கட்ட ஆரம்பிக்கும்போது ஏழரை இல்ல, ஒன்பதே முக்கால் லட்சம். அத ஏழு வருஷத்துல அடைக்கணும்னா மாசம் கிட்டத்தட்ட 16,200 ரூபா. கடைசில கூட்டிப் பாத்தா 13 லட்சத்து 60 ஆயிரம் கட்டியிருப்போம். சித்தப்பா "அதான் அஞ்சு லட்சம் சம்பளம் வருமே"ன்னாரு. ப்ரோஷர்லயும் அப்டித்தான் போட்டிருந்துச்சு, ஆவரேஜ் 4.8 லட்சம், ஹையஸ்ட் 14.

இங்கதான் எனக்கு கொஞ்சம் கோவம் வந்துச்சு, சித்தப்பா மேல இல்ல, அந்த ஆவரேஜ் மேல. பத்து பேருல ஒன்பது பேருக்கு மூணு லட்சம், ஒருத்தனுக்கு 14 லட்சம் குடுத்தா ஆவரேஜ் 4.1 ஆயிடும், ஒன்பது பேரு வீட்ல அந்த 4.1ஐ யாரும் கண்ணால பாத்திருக்க மாட்டாங்க. நடுவுல நிக்கிற பையனுக்கு எவ்ளோன்னு கேக்கணும், எத்தன பேர் படிச்சாங்க அதுல எத்தன பேர் ப்ளேஸ்மென்ட்டுக்கு பேர் குடுத்தாங்கன்னு கேக்கணும், எந்த கம்பெனி எந்த வேலைக்கு எடுத்துச்சுன்னு கேக்கணும். முக்கியமா கடைசி கேள்வி. ஏன்னா ப்ரைவேட் பேங்க் பேரு, கலர் கலரா லோகோ எல்லாம் இருக்கும், வேலை என்னன்னு பாத்தா ரிலேஷன்ஷிப் ஆபீசர், அதாவது வெயில்ல பைக்ல சுத்தி அக்கவுண்ட் ஓபன் பண்ண ஆள் புடிக்கணும், இன்சூரன்ஸ் விக்கணும், மாச கடைசில டார்கெட் முடிக்கலன்னா மேனேஜர் வாய்ல விழணும். அந்த வேலைய நான் கொறச்சு சொல்லல, அதுல நல்லா வந்தவங்க இருக்காங்க, ஆனா அதுக்கு ஏழரை லட்சம் குடுத்து ஃபின்டெக் படிக்கணுமாங்கறது தான் கேள்வி.

அப்புறம் சிடிசி, அதாவது கம்பெனி நமக்காக வருஷத்துக்கு பண்ற மொத்த செலவு. 3.6 லட்சம்னா மாசம் 30 ஆயிரம்னு எல்லாரும் வகுத்துட்டு போயிடுவாங்க. அதுல வேரியபிள் பே, அதாவது வேலைய பாத்து அப்புறமா குடுக்குறது, பத்து பர்சென்ட்டுன்னா மூவாயிரம் தனியா நிக்கும், கம்பெனி கட்டுற பிஎஃப் 1,800 போவும், கிராஜுவிட்டின்னு ஒரு எழுநூறு போவும், அப்புறம் நம்ம பங்கு பிஎஃப் இன்னொரு 1,800. கைக்கு 22 ஆயிரத்து சொச்சம் வந்தா நல்ல மாசம். அதுல 16,200 இஎம்ஐ. மிச்சம் ஆறாயிரம். நான் இத ப்ரோஷருக்கு பின்பக்கம் எழுதி காட்டுனேன், சித்தப்பா ரொம்ப நேரம் பாத்துட்டு "டிரைவருக்கே பேட்டா இத விட ஜாஸ்திமா"ன்னாரு.

என் கதைய சொல்லணும் இங்க, சொல்லாம இந்த கணக்கெல்லாம் நான் எப்டி இவ்ளோ ஆத்திரமா போடுறேன்னு புரியாது. நான் 2013ல ஒரு பேரு உள்ள காலேஜ்ல பி.காம் சேந்தேன், ஆனா எய்டட்ல இல்ல, ஈவினிங் ஷிஃப்ட், செல்ஃப் ஃபைனான்ஸ். இது நம்ம ஊர்ல நிறைய வீட்டுக்கு தெரியாத விஷயம், ஒரே கேட்டு, ஒரே பேரு, டிகிரி சர்டிஃபிகேட்டும் ஒரே மெட்ராஸ் யுனிவர்சிட்டி தான், ஆனா காலைல எய்டட்ல படிக்கிறவனுக்கு அரசாங்கம் வாத்தியார் சம்பளம் குடுக்குறதால சில ஆயிரத்துல வருஷம் முடிஞ்சுடும், சாயங்காலம் வர்றவனுக்கு அதே ஃபீஸு பல மடங்கு. அந்த ஃபீஸுக்கு அம்மாவோட நகை மிண்ட் தெருவுல ஒரு அடகு கடைக்கு போச்சு. சரி பேரு இருக்கேன்னு சேந்தோம். மூணாவது வருஷம் கேம்பஸுக்கு கம்பெனி வந்தப்போ ஹால் வாசல்ல ஒரு சார் லிஸ்ட் வெச்சுகினு நின்னாரு, "ஈவினிங்காம்மா? உங்களுக்கு தனியா வருவாங்க, இப்ப வெளிய நில்லு". தனியா ஒருத்தரும் வரல. அன்னிக்கு போட்டுகினு போன அந்த பார்மல் ஷூ, பாரிஸ் கார்னர்ல 650 ரூபாக்கு வாங்குனது, இன்னும் எங்கயோ இருக்கு வீட்ல.

ஆனா நான் தப்பு பண்ண எடம் அது இல்ல. நான் ப்ளஸ் டூ முடிச்சதுமே ஆடிட்டர் படிப்பு சிஏவுக்கு எண்ட்ரன்ஸ் எழுதி பாஸ் பண்ணிட்டேன், அப்ப அதுக்கு சிபிடின்னு பேரு. காலேஜ் கடைசி வருஷம் அதுக்கு அடுத்த கட்டமான இன்டர்ல ஒரு குரூப்பும் முடிச்சேன். மயிலாப்பூர்ல ஒரு ஆடிட்டர் ஆர்ட்டிகிள்ஷிப்புக்கு, அதாவது அவருகிட்ட வேலை பழக, வர சொன்னாரு. அப்ப ஆர்ட்டிகிள்ஷிப் மூணு வருஷம், ஸ்டைபெண்டு பஸ்ஸுக்கும் மதிய சாப்பாட்டுக்கும் போனா சாயங்காலம் டீக்கு மிச்சம் இருக்காது. நகை அடகுல இருக்கு, வட்டி ஓடுது, வீட்ல யாரும் என்ன வேலைக்கு போன்னு சொல்லல, ஆனா யாரும் போகாதன்னும் சொல்லல. பெருங்குடில ஒரு கம்பெனில கைக்கு 14,300ன்னாங்க, போயிட்டேன். ஃபண்ட் அக்கவுண்டிங். அமெரிக்கால மார்க்கெட் மூடுறது நம்ம நேரத்துக்கு ராத்திரி ஒன்றரை மணி, அவங்க குளிர் காலத்துல ரெண்டரை. அதுக்கப்புறம் தான் எங்க வேலையே ஆரம்பிக்கும், அன்னிக்கு வெலையெல்லாம் எடுத்து ஃபண்டோட என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டோட அன்னிய மதிப்பு, போடணும், பைசா டேலி ஆகலன்னா ஏன்னு தேடணும். விடிகாலை கேப்ல வீட்டுக்கு வரும்போது காசிமேட்டுக்கு மீன் எடுக்க போற வண்டி எதிர்ல வரும். ஒம்பது வருஷமாச்சு, இப்ப அசிஸ்டென்ட் மேனேஜர், கஷ்டம்னு சொல்ல மாட்டேன். ஆனா என் கூட சிபிடி எழுதுன பொண்ணு ஒருத்தி, மார்க் எனக்கு கீழ தான், வீட்ல கடன் இல்ல, மூணு வருஷம் ஆர்ட்டிகிள்ஷிப் போனா, ரெண்டு தடவ ஃபைனல் ஃபெயில் ஆனா, மூணாவது தடவ பாஸ். இப்ப அவ கையெழுத்து போட்டா பேலன்ஸ் ஷீட் செல்லும்.

அவளுக்கும் எனக்கும் வித்யாசம் காலேஜ் இல்ல. டிகிரி முடிச்சப்புறம் சம்பளம் இல்லாம ஒரு மூணு வருஷம் தாக்கு புடிக்கிற தெம்பு அவ வீட்ல இருந்துச்சு, எங்க வீட்ல அத ஃபீஸா முன்னாடியே கட்டிட்டோம்.

இத நான் சித்தப்பாகிட்ட எப்டி சொல்றதுன்னு திணறிகினு இருந்தப்போ சித்தி நெத்திலி தட்ட வெச்சுட்டு "இதுல என்னா கீது, மொத சீட்டு எடுக்குற மாதிரி தான"ன்னாங்க.

சித்தி ஏலச்சீட்டு புடிக்கிறாங்க, தெரு பொம்பளைங்க, மார்க்கெட் பொம்பளைங்க, மாசம் அஞ்சாயிரம், இருபது பேரு, ஒரு லட்ச ரூபா சீட்டு. (ரெஜிஸ்டர் பண்ணாம சீட்டு நடத்துறது சட்டப்படி தப்பு, 1982லயே சட்டம் இருக்குன்னு நான் ஒரு தடவ சொன்னேன், "அப்ப ரெஜிஸ்டர் பண்ணவங்க எல்லாம் ஓடி போவலியா"ன்னு கேட்டாங்க, அதோட விட்டுட்டேன்.) அட்டை போட்ட நீல நோட்டு, பேருக்கு நேரா கட்டம், கட்டத்துல டிக்கு, எடுத்தவங்க பேருக்கு சிவப்பு வட்டம். மொத மாசம் ஏலத்துல அவசரம் இருக்கிறவங்க முப்பதாயிரம் கூட தள்ளி எடுப்பாங்க, ஒரு லட்சத்துக்கு கைக்கு எழுபது. சித்திக்கு கமிஷன் அஞ்சாயிரம், மிச்ச இருபத்தஞ்ச இருபது பேரு பிரிச்சா ஆளுக்கு 1,250 கழிவு. கடைசி வரைக்கும் எடுக்காம இருக்கிறவங்களுக்கு ஒவ்வொரு மாசமும் அந்த கழிவு வந்துகினே இருக்கும், கடைசில முழு பணமும் கைல.

"மொத சீட்டு எடுத்தவன் அதுக்கப்பறம் பத்தொம்பது மாசம் வாய தொறக்க முடியாது, கட்டிகினே இருக்கணும். ஊருக்கு போவணும்னாலும் எனக்கு பதில் சொல்லிட்டு தான் போவணும். இந்த புள்ள வேலைக்கே போவல, அதுக்குள்ள மொத சீட்ட எடுத்து குடுத்துட்டா அப்பறம் அது எந்த வேலைக்கு போவணும்னு யார் சொல்லுவா? பேங்க்காரன் சொல்லுவான்."

ஒம்பது வருஷமா நான் ஆபீஸ்ல டிஸ்கவுண்ட் ரேட்டு, டைம் வேல்யூன்னு பவர்பாயிண்ட்ல பாத்துகினு இருக்கேன், ஒருத்தரும் இப்டி சொன்னதில்ல.

சரி, அப்ப எங்க சேக்குறது. கைல மூணு வழி. ஒண்ணு அந்த யுனிவர்சிட்டி. ரெண்டு, நுங்கம்பாக்கம் எழும்பூர் பக்கம் இருக்கிற பேரு வாங்குன காலேஜுங்க. அதுல எய்டட் பி.காம் கெடச்சா யோசிக்கவே வேணாம், ஓடி போய் சேரணும், கம்மி ஃபீஸு, நல்ல பேரு, பெரிய ஆடிட் கம்பெனிங்க, வெளிநாட்டு பேங்குங்களோட ஆபீஸுங்க நேரா கேம்பஸுக்கு வர்ற எடம். அதுக்குத்தான் கட் ஆஃப் ஆகாசத்துல நிக்குது. பாப்பாவுக்கு கோர் நாலு சப்ஜெக்ட்ல 400க்கு 366, எய்டட் லிஸ்ட்ல வரல, செகண்ட் லிஸ்ட்லயும் வரல. செல்ஃப் ஃபைனான்ஸ்ல கூப்டாங்க, என் கதையே திரும்பவும். நான் அத வேணாம்னு உடனே சொல்லல, இப்ப நெறைய காலேஜ்ல ரெண்டு ஷிஃப்டுக்கும் ஒண்ணாவே ப்ளேஸ்மென்ட் நடத்துறாங்களாம், அதனால அங்க படிக்கிற ஒரு பொண்ண கேட்டிலயே நிறுத்தி கேட்டோம், "உக்கார விடுவாங்கக்கா, ஆனா மொத நாள் வர்ற பெரிய கம்பெனிக்கு இல்ல"ன்னா. அந்த பதிலுக்கு ஒரு ரேட்டு இருக்குல்ல, அந்த ரேட்டு வருஷத்துக்கு நாப்பதாயிரத்துக்கு கிட்ட.

மூணாவது, பிராட்வேல பாரதி மகளிர் கல்லூரி. கவர்ன்மென்ட். ஆன்லைன்ல அப்ளை பண்ணி வெச்சிருந்தோம், சும்மா இருக்கட்டும்னு. சித்தப்பாவுக்கு அது புடிக்கவே இல்ல. காரணம் பணம் இல்ல, டீக்கடை. "எங்க சேத்தேன்னு கேப்பானுங்கமா, பிராட்வேன்னு சொல்றதா"ன்னாரு. இத நான் சிரிச்சுட்டு தள்ள மாட்டேன், முப்பது வருஷம் ஸ்டியரிங் புடிச்ச மனுஷனுக்கு அந்த ஒரு பதில் வேணும்ல. ஆனா பதில் சொல்ல ஏழரை லட்சம் ஜாஸ்தி.

பிராட்வேன்னா சும்மா இல்லன்னு நான் ஒரு லெக்சர் எடுத்தேன் அவருக்கு. அவரு தெனமும் ட்ரெய்லர்ல போற ராஜாஜி சாலை பக்கம்தான் ஒரு காலத்துல மெட்ராஸோட மொத்த பணமும் இருந்துச்சு. 1906ல அர்பத்நாட் கம்பெனி திவாலாயி ஊரே அழுதப்போ, நமக்குன்னு ஒரு பேங்க் வேணும்னு 1907ல இந்தியன் பேங்க் ஆரம்பிச்சது அங்கதான். ரிசர்வ் பேங்க் அங்கதான் இருக்கு. செகண்ட் லைன் பீச் தெருவுல மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் இருந்துச்சு, 2015ல அதோட லைசென்ஸ் முடிஞ்சுது. நம்ம ஆளுங்க அந்த கட்டடத்துக்கு எல்லாம் வெளிலருந்து லோடு எறக்கிகினு இருந்தாங்க, அவ்ளோதான். இப்ப அந்த வேலையெல்லாம் ஓஎம்ஆருக்கு போயிடுச்சு, நம்ம ஏரியாலருந்து பீச் ஸ்டேஷன் போய் பறக்கும் ரயில் புடிச்சு தரமணில எறங்கணும். லெக்சர் முடிஞ்சதும் சித்தப்பா "இதெல்லாம் டீக்கடைல சொல்ல முடியாதும்மா"ன்னாரு. அதுவும் சரிதான்.

அப்புறம் பேப்பர்ல எழுதுனோம். கவர்ன்மென்ட் காலேஜ், ஃபீஸ் வருஷத்துக்கு சில ஆயிரம், லேடீஸுக்கு ஒயிட் போர்டு பஸ்ல டிக்கெட் இல்ல, கவர்ன்மென்ட் ஸ்கூல்ல படிச்சதால புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ஆயிரம், மூணு வருஷத்துக்கு 36 ஆயிரம். அதாவது டிகிரி கிட்டத்தட்ட சும்மா. அப்ப மிச்சப்படுற காச எங்க போடணும்? சிஏ ஃபவுண்டேஷன், என் கால சிபிடிக்கு பதிலா இப்ப இருக்கிற எண்ட்ரன்ஸ். அது நாலு பேப்பர், ஒவ்வொண்ணுலயும் 40, மொத்தமா பாதி வரணும். செப்டம்பர் ஒண்ணாந் தேதிக்குள்ள பேர் பதிஞ்சா ஜனவரில எழுதலாம். அப்புறம் இன்டர், ரெண்டு குரூப்பும் முடிச்சா ஆர்ட்டிகிள்ஷிப், அது இப்ப ரெண்டு வருஷம்தான், 2023ல மாத்திட்டாங்க, என் காலத்துல மூணு. சிஏ வரலன்னாலும் பரவால்ல, இன்டர் ஒரு குரூப் இருந்தாலே அக்கவுண்ட்ஸ் வேலைக்கு மரியாதை தனி. இல்ல அவளுக்கு அது ஒத்து வரலன்னா பேங்க் எக்ஸாம் இருக்கு, ஏதாவது ஒரு டிகிரி, 20லருந்து 30 வயசு, அவ்ளோதான் பேங்க் ஆபீசர் வேலைக்கு, பிஓவுக்கு கேக்குறாங்க, எந்த காலேஜுன்னு ஒருத்தனும் கேக்குறதில்ல. அரசாங்கத்தோட ஃப்ரீ கோச்சிங் சென்டர் நம்ம தியாகராயா காலேஜ்லயே இருக்கு, வீட்லருந்து ஒரு மெட்ரோ ஸ்டேஷன். எம்பிஏக்கு பெரிய எடத்துக்கு போகணும்னாலும் கேட் (CAT) எண்ட்ரன்ஸ் எழுதிட்டு போலாம், அப்ப வாங்கட்டும் லோன், அந்த லோன் வேற ஜாதி, அதுக்கு பின்னாடி சம்பளம் இருக்கு.

பாப்பா அது வரைக்கும் ஒரு வார்த்த பேசல. கடைசில "அக்கா, அங்க இங்கிலீஷ்ல பேச மாட்டாங்கள்ல"ன்னு கேட்டா. இதுதான் எனக்கு பதில் சொல்ல முடியாத கேள்வி. அந்த நாப்பதாயிரம் காலேஜ்லயும் ஏழரை லட்சம் காலேஜ்லயும் கெடைக்கிறதுல பாதி அதுதான், கேன்டீன்ல உக்காந்து பேசுற பேச்சு, வாட்ஸ்அப் குரூப்ல வர்ற இன்டர்ன்ஷிப் லிங்க்கு, ஒருத்தியோட அப்பா ஒரு கம்பெனில சிஎஃப்ஓ, பணக்கணக்குக்கு தலைவரு. அது வேணாம்னு சொல்றவங்க பொய் சொல்றாங்க. என் டீம்ல போன வருஷம் சேந்த ஒரு பையன் அதே மாதிரி ஒரு யுனிவர்சிட்டி, எக்செல் அப்டி பறக்குறான், க்ளையன்ட் கால்ல பயமே இல்ல. அவன் அப்பாவுக்கு கிண்டில ஒர்க்‌ஷாப் இருக்கு, லோன் கெடையாது, வேலை புடிக்கலன்னா அடுத்த மாசம் விட்டுட்டு சிஎஃப்ஏன்னு முதலீட்டு படிப்பு படிக்க போயிடுவான். அவனுக்கு அது சரியான காலேஜ்.

பாப்பாகிட்ட அத மறைக்கல. "வராது பாப்பா, அத நீ தனியாத்தான் சேக்கணும், நான் சனிக்கெழம சனிக்கெழம உன் கூட இங்கிலீஷ்ல மட்டும் பேசுறேன்"னேன். என் இங்கிலீஷும் ராத்திரி ஷிஃப்ட்ல அமெரிக்காக்காரன்கிட்ட திட்டு வாங்கி வந்ததுதான். கொஞ்சம் அழுதா. அழுதுட்டு நெத்திலி எடுத்து சாப்ட்டா.

அட்மிஷன் அன்னிக்கு சித்தப்பா லோடு விட்டுட்டு வந்திருந்தாரு, வெள்ள சட்டை. ரசீத திருப்பி திருப்பி பாத்து கவுண்டர்ல இருந்த மேடம்கிட்ட "இவ்ளோதானுங்களா, பாக்கி எப்ப கட்டணும்"னு கேட்டாரு. அவங்க சிரிச்சாங்க, பின்னாடி நின்ன இன்னொரு அப்பாவும் சிரிச்சாரு, அவரும் அதே கேள்விய வெச்சுகினு தான் நின்னிருப்பாருன்னு நெனைக்கிறேன்.

சித்தி அந்த மாசமே இன்னொரு நோட்டு போட்டாங்க. புது சீட்டு, நாப்பது பேரு, நாப்பது மாசம், அதுல ஒரு பேரு பாப்பாவுது, நாப்பதாவது மாசம்தான் எடுக்கணும்னு இப்பவே பென்சில்ல வட்டம் போட்டு வெச்சிருக்காங்க. கணக்கு பாத்தேன், டிகிரி முடிஞ்சு அவ ஆர்ட்டிகிள்ஷிப் போற நேரம் சரியா வருது.

தீவாளிக்கு முன்னாடி ட்ரெய்லருக்கு ரெண்டு டயர் போச்சு. சித்தப்பா ஏலத்துல வந்து உக்காந்து பாப்பா சீட்ட கேட்டாராம், எல்லா பொம்பளைங்க முன்னாடியும். சித்தி நோட்ட மூடி இடுப்புல சொருகிகினு "அது அவளோட ரெண்டு வருஷம், டயருக்கு இல்ல"ன்னு சொல்லிட்டாங்களாம். வண்டி மறுவாரமே ஓட ஆரம்பிச்சுடுச்சு. டயருக்கு காசு எங்க பொறட்டுனாரு, மறுபடியும் தண்டல் வட்டிக்காரன்கிட்ட போய் நின்னாரான்னு எனக்கு தெரியல, சித்திகிட்ட கேக்கவும் பயமா இருக்கு.